குட்டி எங்கே எடுப்பது? பெங்களூரில் நாய் தேடும் வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

ஒயிட்ஃபீல்டில் வாடகை ஃப்ளாட். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு கோல்டன் ரெட்ரீவர் வேண்டும். ஆபீஸ் தோழி ஒருவர், தெருவில் பிறந்த நான்கு குட்டிகளுக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறார். மாமனார் தென்காசிப் பக்கம். "ஊர்ல சொல்லி வச்சா நல்ல ராஜபாளையம் குட்டியா அனுப்புவாங்க" என்கிறார். இதற்கு நடுவே போனில் ஒரு விளம்பரம்: 'ஹோம் ப்ரீட் லேப் (லாப்ரடார்), 12,000 மட்டும், டெலிவரி உண்டு.' எதை எடுப்பது என்று கேட்டிருந்தார்கள். இதே குழப்பத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஜாதி, நிறம், விலை மூன்றையும் கொஞ்ச நேரம் தள்ளி வைப்போம். முதலில் பார்க்க வேண்டியது, கொடுக்கிறவருக்கு அந்த நாயைப் பற்றி என்ன தெரியும் என்பது. தாய் எது, அதன் குணம் என்ன, என்னென்ன ஊசி போட்டிருக்கிறது, தனியாக விட்டால் என்ன செய்யும்? இரண்டாவது, மூன்று மாதம் கழித்து ஒரு பிரச்சினை என்று கூப்பிட்டால் போனை எடுக்க ஆள் இருக்குமா? என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் எடை அதிகம்.

மூன்றாவது, உங்கள் வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள் என்பது. இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூத்திரத்துக்கு வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டும். நான்காவது, வாங்கும் விலை அல்ல, முதல் வருடச் செலவு. கடைசியாக, நீங்கள் கொடுக்கும் பணம் எந்த மாதிரித் தொழிலை வளர்க்கிறது என்பது.

என் சாய்வை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருவரும் வேலைக்குப் போகும் ஃப்ளாட் குடும்பத்துக்கு, எங்கிருந்து வந்தாலும் குட்டி சரிப்படாது. ஒன்றரை, இரண்டு வயதான, வளர்ந்த நாய்தான் சரி. எல்லோரும் குட்டியையே கேட்பதால்தான் நல்ல நல்ல நாய்கள் ஷெல்ட்டரில் வருடக்கணக்கில் கிடக்கின்றன.

## ப்ரீடர்

நல்ல ப்ரீடர் என்று ஒரு வகை இருக்கிறது. ஆனால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான மத்திய அரசின் விதிகள் 2017-இல் வந்தன. அதன்படி ப்ரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெண் நாயை 18 மாதத்துக்கு முன்பு சினைக்கு விடக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. மைக்ரோசிப்பும் கட்டாயம். எனவே முதல் கேள்வி, "வாரியப் பதிவுச் சான்றிதழ் காட்ட முடியுமா?" இதைக் கேட்டதும் பேச்சு சுருங்கிப்போகும் ஆட்கள் நிறைய. "சார், நாங்க வீட்ல வளர்க்கிறோம் சார், எங்களுக்கு அதெல்லாம் தேவையில்ல" என்று பதில் வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

'கேசிஐ பேப்பர்' பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் சான்றிதழ், இந்தக் குட்டிக்கு அப்பன் யார், ஆத்தாள் யார் என்று சொல்லும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லாது. லேப், கோல்டன், ஜெர்மன் ஷெப்பர்ட் மூன்றிலும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேட்டுப் பாருங்கள். பக், ஃப்ரெஞ்ச் புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களின் மூச்சுக் கோளாறைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே கூட வேண்டாம். தாயின் பக்கத்தில் அமைதியாக இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் மூச்சுச் சத்தமே சொல்லிவிடும்.

நேரில் போகும்போது தாய் நாயைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். "தாய் ஃபார்ம்ல இருக்கு", "இப்பதான் வாக்கிங் போச்சு" என்றால் குட்டி வேறு எங்கிருந்தோ வந்தது. தாய் இருந்தால் அதன் கண்ணைப் பாருங்கள், ரோமத்தைப் பாருங்கள், அந்த வீட்டு மனிதரைப் பார்த்ததும் வாலை ஆட்டுகிறதா, பதுங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள். கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறாக இருந்தால் அது எட்டு வாரக் குட்டி அல்ல. குட்டி சின்னதாக இருக்கும்போதுதான் பார்க்க அழகு, அப்போதுதான் சீக்கிரம் விலை போகும் என்பதால் 30, 35 நாளிலேயே பிரித்துவிடுகிறார்கள். ஆனால், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்கிறது. முன்கூட்டியே பிரித்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைக்காது. பிறகு உங்கள் மகனின் கைதான் அதற்குச் சிலேட்டு.

தடுப்பூசி அட்டையையும் உற்றுப் பாருங்கள். டாக்டர் ஊசி போட்டிருந்தால் மருந்துக் குப்பியிலிருந்து உரித்த குட்டி ஸ்டிக்கர், பேட்ச் எண்ணோடு அட்டையில் ஒட்டியிருக்கும். பக்கத்தில் கையெழுத்தும், டாக்டரின் பதிவு எண்ணோடு முத்திரையும் இருக்கும். வெறும் பேனாவால் தேதி எழுதிய அட்டை வெறும் அட்டைதான்.

எப்போது ப்ரீடரிடம் போவது சரி? வீட்டில் பகல் முழுக்க ஆள் உண்டு, ஒரு குறிப்பிட்ட இனத்தின் குணம்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு, அடுத்த ஈற்றுக்காக ஆறு மாதம் காத்திருக்கவும் பொறுமை உண்டு என்றால் போகலாம். நல்ல ப்ரீடரிடம் எப்போதும் குட்டி கையிருப்பில் இருக்காது. அவரும் உங்களை நாலு கேள்வி கேட்பார். கேள்வி கேட்காமல் பணம் வாங்குகிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

ராட்வைலர் போன்ற இனங்களைத் தேடுபவர்களுக்கு ஒரு தகவல்: 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையை கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. தடை இல்லை என்பதால் அந்த நாய்கள் முதல்முறை வளர்ப்பவருக்கு ஏற்றவை என்று ஆகிவிடாது.

## பெட் ஷாப், போன் விளம்பரம்

இதில் அதிகம் எழுத ஒன்றுமில்லை. வேண்டாம்.

கடைகளுக்கும் 2018-இலிருந்து தனி விதிகள் உண்டு, அவர்களும் பதிவு செய்ய வேண்டும். ஆனால் சிக்கல் விதியில் இல்லை, கூண்டில் இருக்கிறது. பல ஈற்றுக் குட்டிகள் ஒரே இடத்தில் சேரும்போது பார்வோ வைரஸ் வந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். தொற்றியதும் தெரியாது, வெளியே தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாங்கும்போது துள்ளிக்கொண்டிருந்த குட்டி நான்காம் நாள் சாப்பிடாது, ஐந்தாம் நாள் வாந்தியும் ரத்தப் பேதியும். டிரிப் ஏற்றி, பகலும் இரவும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கும் செலவு குட்டியின் விலையைச் சுலபமாகத் தாண்டும். அப்படியும் எத்தனையோ குட்டிகள் பிழைப்பதில்லை. அந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் உடனே இன்னொரு குட்டியையும் கொண்டுவர முடியாது.

'டெலிவரி உண்டு' என்ற விளம்பரம் இதைவிட மோசம். தாயையும் பார்க்க முடியாது, இடத்தையும் பார்க்க முடியாது. மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் அட்டைப் பெட்டியோடு ஒருவர் வருவார். அடுத்த வாரம் அந்த எண் உபயோகத்தில் இருக்காது. மேலே சொன்ன 12,000 ரூபாய் லேபுக்கு என் பதில் இதுதான்.

## ரெஸ்க்யூ மையமும் ஃபாஸ்டர் வீடும்

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை அதிகம். 1991-இலிருந்து இயங்கும் கியூபா (CUPA) என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது. கைவிடப்பட்ட ஜாதி நாய்களுக்கும் அவர்கள் வீடு தேடுகிறார்கள். எலஹங்கா பக்கம் சார்லிஸ் அனிமல் ரெஸ்க்யூ சென்டர் இருக்கிறது. மூன்று கால் நாய் ஒன்றின் பெயரில் ஆரம்பித்தது. நாட்டு நாய்க் குட்டிகளுக்காகத் தத்து முகாம் நடத்தும் லெட்ஸ் லிவ் டுகெதர் இருக்கிறது. மருந்து ஆய்வகங்களில் இருந்து வெளியே வரும் பீகிள்களுக்கு வீடு தேடும் ஃப்ரீகிள்ஸ் ஆஃப் இந்தியா என்ற முயற்சியும் இங்கேதான். அந்த பீகிள்களில் பல, படிக்கட்டையும் புல்லையும் பார்த்தே இருக்காது, பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

கோல்டன்தான் வேண்டும் என்று கேட்கும் மகனுக்கும் இங்கே வழி உண்டு. லேப், கோல்டன், ஹஸ்கி, பக் எல்லாம் ஷெல்ட்டருக்கு வருகின்றன. ஹஸ்கி ஏன் வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. பெங்களூர் 'குளிர் ஊர்' என்று நம்பி வாங்கியவர்கள், ரோமம் கொட்டி, ஊளைச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததும் கொண்டுவந்து விடுகிறார்கள். இது தவிர, குட்டி போட்டுக் களைத்துப்போன தாய் நாய்களும் வரும். மடி தொங்கி, வயிறு சரிந்து, வயது ஐந்துதான் இருக்கும், பார்க்கப் பத்து மாதிரி இருக்கும்.

ஷெல்ட்டரில் நாயைப் பார்ப்பதும், தத்துப் போகும் வரை தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஃபாஸ்டர் வீட்டில் பார்ப்பதும் ஒன்றல்ல. கூண்டு வரிசையில் எல்லா நாயும் குரைக்கும், எல்லா நாயும் பயப்படும். அதில் குணம் தெரியாது. முடிந்தால் ஃபாஸ்டரில் இருக்கும் நாயைக் கேளுங்கள். காக்ஸ் டவுனில் ஓர் அக்கா வீட்டில் அப்படி ஒரு நாயைப் பார்க்கப் போயிருந்தேன். குக்கர் விசில் அடித்தது. நாய் காதை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது. காலிங் பெல்லுக்கு எழுந்து போய் இரண்டு குரை. ஸ்விக்கி பையன் ஹெல்மெட்டோடு நின்றதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "ஹெல்மெட்னா மட்டும்தான் இப்படி, கழட்டிட்டா போதும்" என்றார் அக்கா. லிஃப்டில் ஏறுமா, பூனையைத் துரத்துமா, தனியாக விட்டால் எத்தனை மணி நேரம் தாங்கும், தீபாவளிக்கு என்ன செய்தது, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. எவ்வளவு பெரிய ப்ரீடராலும் எட்டு வாரக் குட்டியைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

இதிலும் தொந்தரவு உண்டு. விண்ணப்பம், அடையாள அட்டை, வீட்டுக்கு வந்து பார்ப்பது, வீட்டு ஓனரின் சம்மதம், கருத்தடை செய்வதாக எழுதிக் கொடுப்பது என்று இழுக்கும். சில தன்னார்வலர்கள் கேட்கும் கேள்விகள் பெண் பார்க்க வந்த மாமியாரை மிஞ்சும். கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இவ்வளவு கேட்கிறவர்கள்தான் பிறகு போனையும் எடுக்கிறார்கள். ஒத்துவரவில்லை என்றால் நாயைத் திரும்பவும் வாங்கிக்கொள்கிறார்கள். அதை ஒப்பந்தத்திலேயே எழுதியும் தருவார்கள்.

மறைந்திருக்கும் செலவு உண்ணிக் காய்ச்சல். கூட்டமாக இருந்த இடத்திலிருந்து வரும் நாய்க்கு வந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. இன்னொன்று, பழைய பயங்கள். முதல் இரண்டு வாரம் நாய் மூலையில் சும்மா கிடக்கும். "ரொம்ப சாது" என்று நினைப்பீர்கள். அப்புறம்தான் உண்மையான குணம் வெளியே வரும். முதல் மாதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், நல்லதானாலும் கெட்டதானாலும்.

## தெருவில் பிறந்த குட்டி

விலை இல்லை, பரம்பரைக் கோளாறு குறைவு, நம் வெயிலுக்கும் மழைக்கும் ஒத்துப்போகும் உடம்பு. சப்பை மூக்கு நாய்க்கு ஆஸ்பத்திரியில் அழும் காசு இதற்கு அழ வேண்டியதில்லை. எவ்வளவு பெரிதாக வளரும் என்பது மட்டும் தெரியாது. பெரும்பாலும் நடுத்தர உடம்பு.

எப்போது எடுப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. பாவமாக இருக்கிறது என்று கண் திறந்து பத்து நாளான குட்டியைத் தூக்கிவருகிறார்கள். பக்கத்தில் தாய் இருந்தால், ஆபத்து எதுவும் இல்லையென்றால், எட்டு வாரம் வரை அங்கேயே விட்டு, தாய்க்குச் சாப்பாடு போடுங்கள். தெருவில் தினமும் சோறு வைக்கும் ஒருவர் இருப்பார். தாயின் குணம், கூடப்பிறந்த குட்டி ஏதாவது திடீரென்று செத்ததா, எல்லாம் அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் பார்வோ, டிஸ்டெம்பர், ரேபிஸ் மூன்றும் தெருவில் உண்டு. ரேபிஸ் தடுப்பூசி பொதுவாக மூன்று மாதத்தில்தான் போடுவார்கள். அதற்குள் குட்டி பல் பதித்துவிட்டால் "சின்னக் குட்டிதானே" என்று விடாமல், கால் மணி நேரம் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போய்விடுங்கள். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் இதில் சமரசமே கிடையாது.

தெருவிலேயே வளர்ந்த பெரிய நாயை ஃப்ளாட்டுக்குள் கொண்டுவருவது வேறு கதை. சில நாய்கள் ஒரே வாரத்தில் சோபாவைப் பிடித்துக்கொள்ளும். சில நாய்களுக்கு நாலு சுவர் தண்டனை. கருத்தடை செய்த அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்டு, தெருவிலேயே நிம்மதியாக இருக்கும் நாயை அங்கேயே பார்த்துக்கொள்வதும் ஒரு வழிதான்.

ஆபீஸ் தோழியின் நான்கு குட்டிகளைப் பொறுத்தவரை, தாயைத் தோழி பார்த்திருக்கிறார், குட்டிகள் அவர் கண்ணெதிரே வளர்கின்றன, நாளைக்கும் அவர் பக்கத்து சீட்டில்தான் இருப்பார். விளம்பரத்து லேபைவிட இது எவ்வளவோ மேல். பகலில் ஆள் இல்லை என்பதுதான் இடிக்கிறது. மாமனார், மாமியார் ஆறு மாதம் வந்து தங்குவார்கள் என்றால் யோசிக்கலாம். ஆனால் குட்டியை அவர்கள் தலையில் கட்டுவதற்கு முன்பு அவர்களைக் கேட்டுவிடுங்கள்.

## வெளிநாடு போகிறவரின் நாய்

பெங்களூரில் இது தனி ரகம். "யுஎஸ் ரீலொகேஷன், அன்பான வீடு தேவை" என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுக்களில் அடிக்கடி வரும். ஃப்ளாட்டில் வளர்ந்த, லிஃப்ட் பழகிய, ஊசிகள் போட்ட நாய், பெரும்பாலும் இலவசமாக. உங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு ரெஸ்க்யூவுக்கு அடுத்து நான் சொல்வது இதைத்தான்.

ஒரே எச்சரிக்கை, சொல்லப்படும் காரணம் எப்போதும் உண்மைக் காரணமாக இருக்காது. கடித்திருக்கலாம், குழந்தை பிறந்திருக்கலாம், நாயின் இடுப்பு போயிருக்கலாம். அந்த நாய் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் நீங்களே பேச அனுமதி கேளுங்கள். பழைய பில்களைப் பாருங்கள். இரண்டு சனி, ஞாயிறு உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்க ஒப்புக்கொள்கிறாரா என்றும் கேளுங்கள். டிக்கெட் நாளைக்கு என்று அவசரப்படுத்தினால் ஒதுங்கிவிடுங்கள்.

## ஊரிலிருந்து வரும் குட்டி

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்றால் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது, நியாயம்தான். இந்திய நாய்களுக்காக 2005-இல் வெளியிட்ட தபால் தலைகளில் ராஜபாளையமும் உண்டு, கர்நாடகத்து முதோலும் உண்டு. முதோல் வேண்டுமென்றால் பாகல்கோட் மாவட்டம் திம்மாப்பூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. தெரிந்த இடம், தெரிந்த ஆட்கள், தாய் தகப்பனைக் கண்ணால் பார்க்கலாம் என்பதெல்லாம் பலம்.

ஆனால் இவை ஓடவும் வேட்டைக்கும் என்றே வளர்த்த நாய்கள். மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், காலையில் இருபது நிமிட வாக்கிங்கில் அடங்காது. சிப்பிப்பாறையின் கண்ணில் பூனை பட்டால் கையில் இருக்கும் கயிறு உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடும் உண்டு. குட்டி உங்களைப் பார்க்காதபோது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள்; ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பித்துவிடும் என்பதால் டாக்டரிடமும் காட்டுங்கள். ரயிலில் கொண்டுவருவதென்றால் ஏசி முதல் வகுப்பில் கூப்பே அல்லது கேபின் முழுவதையும் உங்கள் பெயரில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் வேனில் நாய்ப்பெட்டிதான். கார்தான் உத்தமம். ஹொஸ்கோட்டை, ஆனேக்கல் பக்கம் காம்பவுண்டோடு தனி வீடு இருந்தால் மாமனார் சொல்வதைக் கேளுங்கள். ஒயிட்ஃபீல்ட் ஃப்ளாட்டுக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | கையில் கொடுப்பது | பின்னால் வரும் செலவு | மூன்று மாதம் கழித்து |
|---|---|---|---|
| பதிவு பெற்ற ப்ரீடர் | அதிகம் | பரம்பரைக் கோளாறு, குட்டிப் பருவ ஊசிகள், கருத்தடை | நல்லவர் என்றால் போன் எடுப்பார் |
| கடை, விளம்பரம் | குறைவு என்று தோன்றும் | பார்வோ, ஆஸ்பத்திரி | ஆள் இருக்க மாட்டார் |
| ரெஸ்க்யூ, ஃபாஸ்டர் | சிறு கட்டணம் அல்லது நன்கொடை | உண்ணிக் காய்ச்சல், பழகும் காலம் | எடுப்பார்கள், தேவைப்பட்டால் நாயைத் திரும்ப வாங்குவார்கள் |
| தெருக் குட்டி | ஒன்றுமில்லை | எல்லா ஊசியும் கருத்தடையும் உங்கள் பொறுப்பு | சோறு வைக்கும் அக்காதான் |
| கைமாறும் நாய் | பெரும்பாலும் இலவசம் | மறைத்த நோய், மறைத்த குணம் | விமானம் ஏறியிருப்பார் |
| ஊர்க் குட்டி | இடத்துக்கு இடம் மாறும் | பயணம், ஓட இடம் | ஊர்ச் சொந்தம் இருக்கும் வரை |

## எடுப்பதற்கு முன் காகித வேலை

இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலின்படி, செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று அபார்ட்மென்ட் அசோசியேஷன் பொதுவாகத் தடை போட முடியாது. ஆனால் உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் ஓனர் "நோ பெட்ஸ்" என்று எழுதியிருந்தால் அது வேறு விவகாரம். நாயைப் பார்க்கப் போவதற்கு முன்பே அவரிடம் பேசி, எழுத்தில், குறைந்தது ஒரு மெசேஜாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் எடுக்க வேண்டும்.

யாரிடமிருந்து எடுத்தாலும் தடுப்பூசி அட்டையின் அசலை வாங்குங்கள். கருத்தடை செய்திருந்தால் அதன் ரசீது. கை மாறியதற்குத் தேதி போட்டு இரண்டு பேர் கையெழுத்திட்ட ஒரு தாள், ப்ரீடர் என்றால் வாரியப் பதிவுச் சான்றிதழின் நகல். மைக்ரோசிப் இருந்தால், அதன் 15 இலக்க எண்ணை அட்டையில் எழுதியிருப்பது மட்டும் போதாது. க்ளினிக்கில் ரீடரை வைத்துப் படித்து, அதே எண்தானா என்று பாருங்கள். பதிவில் பழைய ஓனரின் பெயரும் போன் நம்பரும் இருந்தால் உங்களுடையதாக மாற்றச் சொல்லுங்கள். நாய் தொலைந்து, யாரோ க்ளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த நம்பருக்குத்தான் போன் போகும்.